திசைவி இல்லாத வீட்டில் முகவரி தருவது யார்?

நான்கு மாணவர்கள் ஒரு வீவக வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இணையச் சேவை இன்னும் வரவில்லை. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய குழுப்பணியின் காணொளிகள் ஒருவரது மடிக்கணினியில் இருக்கின்றன. அவற்றைத் தொகுக்கும் மென்பொருளோ இன்னொருவரிடம். மொத்தம் 40 கிகாபைட். கையில் இருப்பது ஒரே ஒரு பிணையக் கம்பி. அதன் இரு முனைகளையும் இரு மடிக்கணினிகளில் நேராகச் செருகினால் வேலை நடக்குமா?

நடக்கும். விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைப்பில் அந்தக் கோப்புகள் போய்ச்சேர ஆறு நிமிடம்போல் ஆகும். வட்டு மெதுவானதாக இருந்தால் கூடுதலாகும். (மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இந்தக் கம்பிக்கான துளையே இல்லை, அதற்கு ஒரு சிறு இணைப்பான் வாங்க வேண்டும்.) ஆனால், ஒரு கணினி மற்றொன்றுடன் பேச இரண்டுக்கும் ஐபி முகவரி வேண்டுமே. அதைக் கொடுத்தது யார் என்பதுதான் நாம் பார்க்கப்போவது.

வழக்கமாக அதைக் கொடுப்பது ரௌட்டர் எனப்படும் திசைவி. வீட்டுத் திசைவிக்குள் டிஎச்சிபி என்ற சேவை ஒன்று இயங்குகிறது. இன்று நாம் பயன்படுத்தும் அதன் விதிமுறை 1997-இல் வெளியானது. புதிதாக இணையும் கருவி, “எனக்கு ஒரு முகவரி வேண்டும்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவிக்கும். திசைவி 192.168.1.5 போன்ற ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும். உணவகத்து வாசலில் நிற்கும் பணியாளர் நமக்கு மேசை காட்டுவதைப் போன்றது இது.

நம் உணவங்காடி நிலையங்களில் அப்படி யாரும் நிற்பதில்லை. காலியான மேசையைப் பார்த்து, டிஷ்யூ பொட்டலத்தை வைத்து, நாமே இடம் பிடிக்கிறோம். திசைவி இல்லாதபோது கணினிகள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. 169.254 என்று தொடங்கும் முகவரிகள் இதற்காகவே ஒதுக்கப்பட்டுள்ளன. முதல் 256-ஐயும் கடைசி 256-ஐயும் நீக்கினால் எஞ்சுபவை 65,024.

டிஎச்சிபி கோரிக்கைக்குப் பதில் வராதபோது கணினி இவற்றுள் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறது. உடனே அதில் அமர்ந்துவிடுவதில்லை. “இந்த முகவரியில் யாராவது இருக்கிறீர்களா?” என்று ஓரிரு விநாடி இடைவெளியில் மூன்று முறை கேட்கிறது. இந்தக் கேள்வி ஏஆர்பி என்ற நெறிமுறையில் போகிறது. அது 1982-இலேயே வகுக்கப்பட்டது. மூன்றாவது கேள்விக்குப் பின்னும் இரண்டு விநாடி காத்திருந்து பதில் இல்லையென்றால், “இனி இது என் இடம்” என்று இரு முறை அறிவித்துவிட்டு அமர்கிறது. யாரேனும் பதில் சொன்னால் வேறொன்றைத் தேர்ந்தெடுத்து மீண்டும் முதலிலிருந்து கேட்கும்.

ஒரே பிணையத்தில் 1,300 கணினிகள் ஏற்கெனவே இருந்தாலும், புதிதாக வரும் கணினிக்கு முதல் முயற்சியிலேயே காலியிடம் கிடைக்கும் வாய்ப்பு 98 விழுக்காடு. நான்கு பேர் வீட்டில் மோதல் என்ற பேச்சே எழாது எனலாம்.

டிஷ்யூ உவமை ஓரிடத்தில் பொருந்தாது. நாம் சோறு வாங்கப் போனாலும் பொட்டலம் மேசையிலேயே இருக்கும். கணினியோ தானே பதில் சொல்ல வேண்டும். அது உறக்கநிலையில் இருக்கும்போது வேறொரு கணினி வந்து கேட்டால், மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே விழித்தெழுந்த கணினி தன் பழைய முகவரியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. மறுபடியும் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அமர்ந்த பிறகு தகராறு வந்தால், ஒரு முறை “இது என்னுடையது” என்று சொல்லலாம். பத்து விநாடிக்குள் மீண்டும் மோதல் வந்தால் எழுந்து போய்விட வேண்டும். இல்லாவிட்டால் இரு கணினிகளும் விடியும்வரை மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்!

1998-இல் வந்த விண்டோஸ் 98, மாக் ஓஎஸ் 8.5 ஆகிய இரண்டிலும் இவ்வசதி இருந்தது. இதை முறைப்படி வரையறுத்த ஆர்எஃப்சி 3927 ஆவணமோ 2005-இல்தான் வெளிவந்தது. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று தமிழ் வகுப்பில் படித்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

169.254 முகவரியுடன் வெளியுலகுக்குப் போக முடியாது. அந்த முகவரியில் வரும் எதையும் திசைவிகள் மேலே அனுப்பக் கூடாது. இதனால்தான் திசைவி உள்ள வீட்டில் இந்த எண்ணைப் பார்த்தால் பலரும் கணினி கெட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். சிலர் இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவுகிறார்கள். தேர்வு வாரத்தில் செய்யக்கூடிய காரியமா இது? அந்த எண் சொல்வது ஒன்றுதான்: “முகவரி கேட்டேன், பதில் வரவில்லை.” கம்பி சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள், திசைவியை அணைத்துப் போடுங்கள். விண்டோஸ் தானாகவும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை டிஎச்சிபியைத் தேடும்.

எண்ணை நினைவில் வைப்பதும் கடினம். அதற்குப் பெயர் வழியே தேடும் முறை ஒன்று உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2002-இல் ராண்டேவூ என்ற பெயரில் கொண்டுவந்து, 2005-இல் போன்ஜூர் என்று மாற்றியது இதைத்தான். 224.0.0.251 என்ற பொது முகவரிக்குக் கேள்வி போகும். அந்தப் பெயருக்குரிய கருவி பதிலளிக்கும். அச்சுப்பொறியைக் கணினி தானே கண்டுபிடிப்பது பெரும்பாலும் இவ்வழியில்தான்.

ஐபி பதிப்பு 6-இல் இந்த ஏற்பாடு அவசரத் தேவைக்கு மட்டும் உரியதாக இல்லை. திசைவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வோர் இணைப்பும் எஃப்இ80 என்று தொடங்கும் உள்முகவரி ஒன்றைத் தானே அமைத்துக்கொள்கிறது.

கோப்பை அனுப்புவோர்க்கு ஒரு சொல். விண்டோஸில் பிணையத்தைத் தனிப்பட்டது என்று குறித்து, கோப்புப் பகிர்வை இயக்கினால்தான் மற்றவர் கணினி கண்ணில் படும். வேலை முடிந்ததும் பகிர்வை அணைத்துவிடுங்கள். கம்பியில் இருப்பது நீங்கள் இருவர் மட்டுமே. அதே கணினியை நாளை காப்பிக்கடை வைஃபையில் இணைக்கும்போது உடன் இருப்பவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியாது.