பீடியே தொடாதவருக்கு எப்படி வந்தது?

"அவர் பாக்குகூடப் போடமாட்டாரே!" நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து விசாரிப்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனாலும் அதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது: பீடி பிடித்தவனுக்கு வந்தால் நியாயம், மற்றவருக்கு வந்தால் அநியாயம்.

நம்பிக்கை: புகைப்பவர்களுக்குத்தான் வரும்

முதல் குற்றவாளி புகையிலைதான். லண்டன் மருத்துவமனை நோயாளிகளை விசாரித்து ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் கூட்டாளிகள் உண்டு. அடுத்தவர் விடும் புகை, கல்நார், பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கசியும் ரேடான் வாயு ஆகியவற்றோடு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை 2012-இலும் மாசடைந்த காற்றை 2013-இலும் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்தது.

அடுப்படியையும் மறக்கக் கூடாது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்றொரு பகுதி. அங்கே பெண்கள் புகைப்பது மிக அரிது. ஆனால் நுரையீரல் புற்றுநோயால் பெண்கள் இறப்பது சீனாவிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தரையில் குழி தோண்டி, புகை கக்கும் நிலக்கரியை எரித்து, புகை வெளியேற வழியில்லாத அறையில் சமைத்தார்கள். பிறகு அடுப்புக்குப் புகைபோக்கி வைத்தார்கள். பத்தாண்டு கழிந்ததும் ஆண், பெண் இருபாலரிடமும் நோய் கணிசமாகக் குறைந்திருந்ததை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ஊர் விறகுப் புகைக்கு எதிரான சான்று நிலக்கரி அளவுக்கு வலுவானதில்லை. 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்ற பட்டியலில்தான் அது இருக்கிறது. சுவர் கரியேறிப்போன சமையலறையில் ஊதுகுழலோடு மல்லாடும் அம்மாவுக்கு ஒரு புகைபோக்கி கட்டிக்கொடுக்க இந்தச் சான்றே போதும்.

நம்பிக்கை: பீடி இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை

தலைகீழ். பீடி இலை வழியாகக் காற்று எளிதில் புகாது. இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் தூள் கொஞ்சம்தான், ஆனால் தாரும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் கூடுதலாகவே உள்ளே போகின்றன. 'லைட்' சிகரெட் கதையும் கிட்டத்தட்ட இதுதான்: புகையில் காற்றைக் கலக்க ஃபில்டரைச் சுற்றியுள்ள நுண்துளைகளை விரலும் உதடும் மூடிவிடும்.

நம்பிக்கை: நாற்பது வருஷமாப் பிடிச்சாச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது?

விட்டுப் பத்தாண்டு ஆனால், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிடும்போது ஆபத்து சுமார் பாதியாகிவிடும்.

நம்பிக்கை: ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்தாலே வந்துவிடும்

உடையாத ஷீட்டில் கல்நார் இழைகள் சிமெண்டோடு இறுகிக் கிடக்கின்றன. அறுக்கும்போதும் துளைபோடும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசுதான் எமன். மூக்கில் துணிகூடக் கட்டாமல் ஷீட் அறுக்கிற தொழிலாளியைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். அவர் புகைப்பவராகவும் இருந்தால் ஆபத்து பல மடங்கு.

நம்பிக்கை: ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவிவிடும்

அதிகம் கெடுப்பது இந்தப் பயம்தான். நம் ஊரில் நீடித்த இருமல் என்றாலே டிபி நினைவுக்கு வருவது இயல்பு; இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்வதும் சரியே. ஆனால் சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயில் நிழல் மட்டும் இருக்கிறது என்கிற நிலையில் மாதக்கணக்கில் டிபி மாத்திரை விழுங்கிக் காலம் கடந்தவர்கள் உண்டு. சிடி ஸ்கேனும், ஊசி குத்திச் சதை எடுக்கும் பயாப்சியும் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

ஊசியால் பரவுவது மிக மிக அரிது. ஊசி குத்திச் சதை எடுக்காவிட்டால் என்ன வகைப் புற்றுநோய் என்றே தெரியாது. சிறுசெல் வகை வேகமாகப் பரவும், பெரும்பாலும் புகைப்பவர்களையே தாக்கும். நூற்றில் சுமார் 85 பேருக்கு வருவது சிறுசெல் அல்லாத வகை. அதில் ஒன்றுதான் அடினோகார்சினோமா. பெரும்பாலும் நுரையீரலின் வெளியோரத்தில் தோன்றும், புகைக்காதவர்களிடம் அதிகம் காணப்படுவதும் இதுவே. இவர்களில் சிலருக்கு ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது 2004-இல் தெரியவந்தது. ஆசியர்களிடமும் புகைக்காத பெண்களிடமும் இது கூடுதல். அந்த மாற்றம் இருந்தால், முற்றிய நிலையிலும் தினம் வாயால் விழுங்கும் மாத்திரையே முதல் சிகிச்சையாகலாம். அதைத் தேட ஆய்வகத்துக்கு ஊசியில் வரும் அந்தத் துளிச் சதை வேண்டும்.