குளிர் காத்த மூளை

1999ஆம் ஆண்டு மே 20ஆம் நாள். நார்வேயின் வடபகுதியில் நார்விக் நகருக்கு அருகே பனிச்சறுக்கில் ஈடுபட்டிருந்த 29 வயதுப் பெண் மருத்துவர் ஒருவர், உறைந்திருந்த ஓடையில் தலைகுப்புற விழுந்து பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டார். உடன் வந்தவர்களால் அவரை இழுத்தெடுக்க முடியவில்லை. மீட்புக் குழுவினர் பனியை உடைத்து வெளியே எடுத்தபோது 80 நிமிடங்கள் கடந்திருந்தன. மூச்சில்லை, நாடித் துடிப்பும் இல்லை. துரோம்சோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டு வந்து அளந்தபோது அவருடைய உடல் வெப்பநிலை 13.7 பாகை செல்சியஸ்.

அவர் பிழைத்தார். பின்னாளில் அதே மருத்துவமனையில் மருத்துவராகவும் பணியாற்றினார்.

இதை வகுப்பில் சொன்னால், "அப்படியென்றால் நம் ஊர் ஆற்றில் மூழ்கியவரையும் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பாற்றலாமா, ஆசிரியர்?" என்று ஒரு கை உயரும். நல்ல கேள்வி. அதற்கான பதில் மூளையில் இருக்கிறது.

மூளையின் எடை நம் உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால், ஓய்வில் இருக்கும்போது உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு எதுவும் அதனிடம் இல்லை. இதயம் நின்றால் சில விநாடிகளில் நினைவு தப்பும். 4 முதல் 6 நிமிடங்களில் மூளை அணுக்கள் பாதிப்படையத் தொடங்கும்.

குளிர் இந்தத் தேவையைக் குறைக்கிறது. வெப்பநிலை 1 பாகை குறையும்போது மூளையின் உயிர்வளித் தேவை சுமார் 6 முதல் 7 விழுக்காடு குறைகிறது. 37லிருந்து 13.7 வரை சுமார் 23 பாகை. உடனே 23ஐ 7ஆல் பெருக்கி 161 விழுக்காடு என்று எழுதிவிடாதீர்கள்! ஒவ்வொரு முறையும் மீதமிருப்பதில்தான் 7 விழுக்காடு குறைகிறது. கணிப்பொறியில் 0.93ஐ 23 முறை பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 0.19 வரும். அதாவது, ஐந்தில் ஒரு பங்குத் தேவை.

இங்கே வரிசை முக்கியம். பனிக்கடியில் அவருக்குச் சிறிது காற்று கிடைத்தது. சுமார் 40 நிமிடங்கள் மூச்சு விட்டுக்கொண்டே அவர் குளிர்ந்தார். மூளை முதலில் குளிர்ந்தது, இதயம் பிறகுதான் நின்றது. நம் கடல்நீரோ ஏறத்தாழ 29 பாகை. ஈயக்குட்டையிலோ நீர்வீழ்ச்சியிலோ மூழ்குபவரின் மூளை குளிர்வதற்கு முன்பே உயிர்வளி தீர்ந்துவிடும்.

சரி, தீவிர சிகிச்சைப் பிரிவு என்ன செய்கிறது? படிவம் 3இல் படிக்கும் சுவாசமும் இரத்த ஓட்டமும் இங்கே ஒன்றுசேர்கின்றன. நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்குள் சவர்க்காரம் போல் செயல்படும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதுதான் அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. உள்ளே புகுந்த நீர், கொஞ்சமாக இருந்தாலும், அந்தப் படலத்தைக் கெடுத்துவிடுகிறது. அதனால் செயற்கைச் சுவாசக் கருவி, மூச்சை வெளிவிடும் நேரத்திலும் சிறிது அழுத்தத்தை விட்டுவைத்து நுண்ணறைகளைத் திறந்தே வைத்திருக்கும். அதுவும் போதாவிட்டால் எக்மோ. 2020இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் சிகிச்சையில் இருந்தபோது செய்திகளில் அடிக்கடி வந்த அதே சொல்தான். இரத்தத்தை வெளியே எடுத்து, கரிவளியை நீக்கி, உயிர்வளி ஏற்றி, தேவையான வெப்பத்தில் உடலுக்குத் திருப்பி அனுப்பும் இயந்திரம் அது. துரோம்சோவிலும் இதே முறையில், இதய நுரையீரல் இயந்திரத்தின் வழியாகத்தான் அந்த மருத்துவரின் இரத்தத்தைச் சூடேற்றினார்கள். இதயம் மீண்டும் துடித்தது. அதன்பின் ஒரு மாதத்திற்கும் மேலாக அவர் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார்.

ஆக, நுரையீரலுக்கு மாற்று இயந்திரம் உண்டு, இதயத்திற்கும் உண்டு. மூளைக்கு இல்லை. இரத்த அழுத்தம் இறங்காமலும், காய்ச்சல் 37.5 பாகையைத் தாண்டாமலும், வலிப்பு வராமலும் காத்து, மிஞ்சியிருக்கும் அணுக்களுக்கு அவகாசம் தருவதுதான் மருத்துவர்களால் முடிந்தது. நினைவு திரும்பாவிட்டால், மூளையின் நிலையைக் கணிக்கக் குறைந்தது 3 நாள்களாவது காத்திருப்பார்கள்.

எத்தனை அணுக்கள் மிஞ்சும் என்பது கரையிலேயே முடிவாகிவிடுகிறது. மாரடைப்பில் திடீரென விழுபவரின் இரத்தத்தில் உயிர்வளி இன்னும் இருக்கும். மூழ்கியவருக்கு மூச்சு முதலில் நிற்கிறது, இரத்தத்தில் உள்ளது தீர்ந்தபின் இதயம் நிற்கிறது. அவருக்கு நெஞ்சை மட்டும் அழுத்துவது சரக்கில்லாத லாரியை ஓட்டுவது போலத்தான். எனவே, பயிற்சி பெற்றவர்கள் முதலில் வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதுவார்கள். ஐரோப்பியப் பயிற்சியில் 5 முறை. பிறகு 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு, நிமிடத்திற்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்தில். வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும் தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பதும் வேண்டாம். வாந்தி நுரையீரலுக்குள் போகும், நிமிடங்களும் வீணாகும். நீங்கள் குதித்துக் காப்பாற்ற முயலாமல் கயிறோ மிதவையோ வீசுங்கள். ஒருவர் 999ஐ அழைக்கட்டும். மூச்சுத் திரும்பி எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் படலம் கெட்டிருந்தால் மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம்.