ஏலம் போகும் நகைகள்: ஜெனீவாவிலும் நம்ம ஊரிலும்

(மூன்றாமாண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



"நகை ஏலம்" என்ற விளம்பரத்தை தினசரிப் பத்திரிகையில் நாம் எல்லோருமே பார்த்திருப்போம். பொடி எழுத்தில், கடன் எண்களை வரிசையாக அடுக்கி வரும். அதே பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் என்றைக்காவது இன்னொரு நகை ஏலம் வரும். ஜெனீவாவில் ஒரு வைரம் இத்தனை கோடி டாலருக்குப் போனது என்று படம் போட்டிருப்பார்கள். முதல் விளம்பரத்தில் இருப்பது நம்மைப் போன்ற வீட்டு நகை. இரண்டாவது செய்தியில் இருப்பது ராஜா, ராணி வீட்டு நகை. இரண்டுக்கும் ஏலம் என்றுதான் பெயர். ஆனால் அங்கே போன நகைக்கு விலை ஏறுகிறது. இங்கே போன நகையை "மூழ்கிப் போச்சு" என்கிறோம். ஏன் இந்த வித்தியாசம்? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏலம் என்றால் என்ன?

கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று எந்தக் குப்பத்துக்குப் போனாலும், படகு கரையேறியதும் மீனைக் கொட்டி ஏலம் விடுவதைப் பார்க்கலாம். ஏலம் விடுபவர் ஒரு விலையைச் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் ஏற்றிக் கேட்பார்கள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! அதற்குமேல் கேட்க ஆள் இல்லையென்றால் மீன் கடைசியாகக் கேட்டவருக்கு. பத்து வியாபாரிகள் நின்றால் ஒரு விலை, மழை நாளில் ரெண்டே பேர் நின்றால் வேறு விலை. மீன் என்னவோ அதே மீன்தான்!

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது பொருள் மட்டுமல்ல. எத்தனை பேர் கேட்கிறார்கள், பொருளைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்பவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவில் ஏலத்துக்கு விதி வகுத்திருக்கிறது. சுத்தியல் விழும்போதுதான் விற்பனை முடிகிறது. அதுவரை கேட்டவர் பின்வாங்கலாம். விலையை ஏற்றுவதற்காக விற்பவர் பொய்யாக ஆள் வைத்துக் கேட்டால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம்.

லண்டனிலிருந்து ஜெனீவா வரை

உலகின் இரு பெரிய ஏல நிறுவனங்களான சாதபீஸ் 1744-லும், கிறிஸ்டீஸ் 1766-லும் லண்டனில் தொடங்கப்பட்டவை. நெடுங்காலம் அவற்றில் நகை வாங்கியவர்கள் பெரும்பாலும் நகை வியாபாரிகளே. வாங்கிப்போய், கல்லைப் பிரித்தெடுத்து, வேறு நகையாகச் செய்து விற்பார்கள். ஆகவே அங்கேயும் ஒரு காலத்தில் எடைக்கும் கல்லுக்கும்தான் விலை இருந்தது எனலாம்.

இது எப்போது மாறியது? 1987-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெனீவா ஏரிக்கரையில் பந்தல் போட்டு, வின்ட்சர் சீமாட்டியின் நகைகளை சாதபீஸ் ஏலம் விட்டது. இவரை மணப்பதற்காகத்தான் 1936-ல் எட்டாம் எட்வர்ட் மன்னர் இங்கிலாந்தின் மணிமுடியைத் துறந்தார். நகைகள் சுமார் 70 லட்சம் டாலருக்குப் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனதோ ஏறக்குறைய 5 கோடி டாலர்! தங்கத்துக்கும் கல்லுக்கும் உள்ள விலையை விட, அந்தக் காதல் கதைக்குத்தான் மக்கள் அதிகம் கொடுத்தார்கள். அந்தப் பணம் பாரீஸில் உள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றது.

அதன்பிறகு ஏல நிறுவனங்கள் தெரிந்துகொண்டன. ஒவ்வொரு நகைக்கும் வண்ணப் புத்தகம் அச்சிட்டு, யார் செய்தது, யார் அணிந்தது, எந்தப் பரிசோதனைக் கூடம் சான்று தந்தது என்று எழுதி, ஏலத்துக்கு முன் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தார்கள். 2017-ல் ஹாங்காங்கில் 59.60 காரட் எடையுள்ள "பிங்க் ஸ்டார்" என்ற இளஞ்சிவப்பு வைரம் சுமார் 7 கோடியே 12 லட்சம் டாலருக்குப் போனது. இதில் நிறுவனத்துக்கும் நல்ல லாபம். வாங்குபவரிடமும் கட்டணம் வசூலிக்கும் வழக்கத்தை இரு நிறுவனங்களும் 1975-ல் 10 சதவீதத்தில் கொண்டுவந்தன. இப்போது பல ஏலங்களில் அது கால் பங்கையே தாண்டிவிட்டது.

கடிகாரத்தின் கதை

மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பிடித்த பகுதி இதுதான். 1969-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் சீகோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேட்டரியில் ஓடும் அது, சாவி கொடுக்கும் கடிகாரத்தை விடத் துல்லியமாக நேரம் காட்டியது. ஸ்விட்சர்லாந்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். பல்சக்கரமும் மெயின் ஸ்பிரிங்கும் இனி காயலான் கடைக்குத்தான் என்று உலகம் நினைத்தது.

ஆனால் 1974-ல் ஜெனீவாவில் தொடங்கிய ஆன்டிகோரம் என்ற நிறுவனம் கடிகாரங்களையே முக்கியமாக ஏலம் விட்டது. நேரம் பார்க்கும் கருவி என்பதை விட்டுவிட்டு, கைவேலையின் உச்சம் என்று அவற்றை விளக்கிச் சொன்னது. 1989-ல் படேக் பிலிப் கடிகாரங்களுக்கு மட்டும் தனி ஏலம் நடத்தியது. அமெரிக்க வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸுக்காக அந்த நிறுவனம் 1933-ல் செய்து கொடுத்த பாக்கெட் கடிகாரத்தில் 24 வகைச் சிறப்பு இயக்கங்கள் உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கையால் வரைந்து, கையால் அராவிச் செய்த பாகங்கள்! அது 1999-ல் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கும், 2014-ல் சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கும் ஏலம் போனது.

2017-ல் நடிகர் பால் நியூமன் அணிந்த ரோலக்ஸ் கடிகாரம் நியூயார்க்கில் சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலர் பெற்றது. அது தங்கம்கூட இல்லை, நம் வீட்டுத் தட்டு மாதிரி எவர்சில்வர்தான். வண்டியைப் பார்த்து ஓட்டச் சொல்லி மனைவி பின்மூடியில் எழுத்துப் பொறித்துக் கொடுத்தது. நம்ம ஊர் அடகுக் கடையில் வைத்தால் எடை போடக்கூட மாட்டார்கள்!

நம் நாட்டு நகைகள்

இந்திய நகைகளுக்கும் இந்த ஏலங்களில் பெரிய இடமுண்டு. 2019-ஆம் ஆண்டு ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய மகாராஜாக்கள், முகலாயர்கள் கால நகை ஏலம் சுமார் 10 கோடியே 90 லட்சம் டாலர் ஈட்டியது. கோல்கொண்டா வைரம் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தாலே கைகள் உயரும்.

ஆனால் எல்லாமே ஏலம் போய்விட வேண்டுமா? ஐதராபாத் நிஜாமின் 173 நகைகளை, நீண்ட வழக்குக்குப் பின் 1995-ல் மத்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. அதில் 184.75 காரட் ஜேக்கப் வைரமும் அடக்கம். உலகச் சந்தையில் விட்டிருந்தால் பல மடங்கு போயிருக்கும் என்றார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. 1898-ல் உத்தரப் பிரதேசத்தின் பிப்ராவாவில் புத்தரின் புனித எச்சங்களோடு தோண்டி எடுத்த மணிகளை 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலம் விட இருந்தார்கள். இந்திய அரசு நோட்டீஸ் அனுப்பியதும் ஏலம் நின்றது. ஜூலையில் அவை நாடு திரும்பின. நாடே தன் நகையை மீட்கிறது என்றால், வீடு மீட்கக் கூடாதா?

நம்ம ஊர் ஏலம்

மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக செங்கல்பட்டு வந்து இறங்குவதற்குள் எத்தனை அடகுக் கடை போர்டுகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஒத்துழைக்காவிட்டால் குப்பத்தில் நகை போகும். விதை நெல்லுக்கும் உரத்துக்கும் கிராமத்தில் நகை போகும். ஜூன் மாதம் பள்ளி, கல்லூரி திறந்தால் எல்லா வீட்டிலும் போகும். இந்த மலரைப் படிக்கும் நம்மில் எத்தனை பேருடைய முதல் செமஸ்டர் கட்டணம் அம்மாவின் தோடு, அக்காவின் செயின் என்று ஒரு கணக்கு எடுத்தால் பாதி வகுப்பு கை தூக்கும். நானும் தூக்குவேன்.

தனியார் அடகுக் கடைகளுக்கு 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக்காரர் சட்டம் உண்டு. கடைக்கு உரிமம் வேண்டும், அடகுச் சீட்டு கொடுக்க வேண்டும். மீட்க ஓராண்டும், அதற்குமேல் ஏழு நாளும் அவகாசம் தர வேண்டும். அதன் பிறகும் பொது ஏலத்தில்தான் நகையை விற்கலாம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 176-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. விற்பதற்கு முன் நியாயமான அறிவிப்பு தர வேண்டும், கடனும் வட்டியும் போக மிச்சமிருந்தால் அது அடகு வைத்தவருக்கே சேரும் என்கிறது அது.

எங்கள் பெரியம்மாவின் நாலு பவுன் இரட்டை வடச் சங்கிலி இப்படித்தான் ஒரு கடையில் இருந்தது. எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். பணத்தோடு போனபோது "மூழ்கிப் போச்சும்மா" என்ற ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். எங்கே ஏலம் நடந்தது, எவ்வளவுக்குப் போனது, மிச்சம் எவ்வளவு என்று கேட்க வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "நம்ம நேரம்" என்று சொல்லிவிட்டு பெரியம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்தச் சீட்டின் பின்பக்கத்தை எங்கள் வீட்டில் முதன்முதலில் முழுசாகப் படித்தது நான்தான், பத்தாம் வகுப்பு முடித்த பிறகு. ஓராண்டு ஏழு நாள் என்று அதிலேயே அச்சடித்திருந்தது.

வங்கிகளிலும் நகைக்கடன் நிறுவனங்களிலும் வைத்தால் ரிசர்வ் வங்கியின் விதி பொருந்தும். 2025 ஜூனில் வந்த புதிய வழிகாட்டுதல்கள் 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வரவேண்டும் என்று வகுக்கப்பட்டவை. அவற்றின்படி ஏலத்துக்கு முன் கடன்தாரருக்கு முறையாக அறிவிக்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகை போன்ற வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும், தேசிய நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் செய்ய வேண்டும். குறைந்தபட்ச விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு ஏலம் நடந்தும் போகாவிட்டால் 85 சதவீதம். மிச்சப் பணத்தை, ஏலத் தொகை வந்து ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

கணக்குக்காக ஒரு கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 பவுன் சங்கிலி 16 கிராம், மதிப்பு 1,44,000 ரூபாய். அதன்மேல் 1,00,000 ரூபாய் கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம். ஓராண்டு முடிவில் பாக்கி 1,12,000. ஏலச் செலவு 1,000 சேர்த்தால் 1,13,000.

குறைந்தபட்ச விலையான 1,29,600-க்கே போனால் நமக்கு வர வேண்டிய மிச்சம் 16,600 ரூபாய். கூட ரெண்டு பேர் வந்து கேட்டு 1,40,000-க்குப் போனால் மிச்சம் 27,000 ரூபாய். வித்தியாசம் 10,400 ரூபாய்! கரையில் மீன் ஏலத்தில் பார்த்த அதே பாடம்தான் இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. கல் பதித்திருந்தால் கல்லின் எடையும் கழிந்துவிடும். ஜெனீவாவில் கைவேலைக்கும் கதைக்கும் விலை உண்டு. இங்கே தங்கத்துக்கு மட்டும்தான். அம்மா கல்யாணத்தன்று போட்டிருந்த சங்கிலி என்பதற்கு எந்தத் தராசிலும் படிக்கல் கிடையாது.

நாம் செய்ய வேண்டியவை

1. அடகு வைக்கும் முன் நகையைப் போட்டோ எடுங்கள். 916 முத்திரையும் ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணும் இருந்தால் குறித்து வையுங்கள். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் சீட்டில் தனித்தனியே இருக்கிறதா என்று பாருங்கள்.

2. தவணை முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வீடு மாறினாலோ, போன் நம்பர் மாறினாலோ உடனே எழுத்தில் தெரிவியுங்கள். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிட்டால் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

3. முழுவதும் மீட்க முடியாவிட்டால் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

4. ஏலம் போய்விட்டாலும் சும்மா இருக்காதீர்கள். ஏலத் தேதி, போன விலை, மிச்சத் தொகை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால், வங்கி, நிதி நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும், அடகுக் கடை என்றால் உரிமம் தரும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுங்கள்.

முடிவுரை

ஜெனீவாவில் விலை ஏறுவதற்குக் காரணம் மந்திரம் அல்ல. நகையைப் பற்றிய எல்லா விவரமும் தாளில் இருக்கிறது. அந்தத் தாளைப் படித்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நம் வீட்டு நகைக்கும் ஒரு தாள் உண்டு, அதுதான் அடகுச் சீட்டு. அதைப் படிக்க இதுவரை ஆள் இல்லாத வீடுகள் பல. இன்று அந்த வீடுகளிலிருந்து நாம் படிக்க வந்திருக்கிறோம். லேத்தும் மைக்ரோமீட்டரும் கற்றுக்கொள்வது நம் பிழைப்புக்கு. அதோடு இந்த வார விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் சீட்டுகளை எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டம்மா கொண்டுவந்தால் அதையும் படித்துக் கொடுங்கள். நமக்காகப் போன நகை, நம் கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கக் கூடாது.