கசிவைக் கண்டுபிடிக்கும் முன் பசையைத் தொடாதீர்கள்

"எங்கேயோ லேசா லீக் ஆகுது, பார்த்துக் கொடுங்க." படகுப் பட்டறையிலோ நீர் விளையாட்டு மையத்திலோ வேலைக்குச் சேர்பவருக்கு இந்தப் புகார் சீக்கிரமே பழகிவிடும். பாய்மரக் கயாக் என்றால் சிக்கல் கூடுதல். பாய்மரக் குழி, பக்க மிதவைகளின் குறுக்குச் சட்டம், சுக்கான் கயிறு நுழையும் துளை என்று தண்ணீர் புகப் பல வழிகள் உண்டு. சந்தேகப்பட்ட இடமெல்லாம் பசை தடவினால் கசிவு நிற்கலாம். ஆனால் எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. மறுபடி ஒழுகினால் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வியில் தொடங்குங்கள்

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரத்தில், துடுப்புப் போட்டபோதா, பாய் விரித்தபோதா? துணியால் ஒற்றி எடுக்கும் அளவு ஈரம் என்றால் மூடி வழியாகத் தெறித்ததாக இருக்கலாம். லிட்டர் கணக்கில் என்றால் உண்மையான லீக்.

அடுத்து, உட்புறத்தை உலரத் துடைத்து, மூடிகளை அடைத்து, அலையில்லாத ஆழங்குறைந்த நீரில் ஒரு மணி நேரம் மிதக்க விடுங்கள். ஆள் உட்கார்ந்தால் அமிழும் அளவுக்கு மணல் மூட்டை வையுங்கள். தண்ணீர் வந்தால் ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே. வராவிட்டால், ஓடும்போது இழுபடும் இடங்களையும் அலை ஏறும் மேற்பகுதியையும் சந்தேகியுங்கள்.

பாய்மரக் குழி

ஹோபி அட்வென்ச்சர் ஐலண்ட் போன்ற கயாக்குகளில் பாய்மரம் அடி மூடிய ஒரு குழாய்க்குள் இறங்கி நிற்கும். காற்றின் விசை முழுவதும் அந்தக் குழாயைத்தான் நெம்பும். சோதிப்பது சுலபம்: படகைத் தரையில் சமமாக நிறுத்தி, குழியில் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, அரை மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் குற்றவாளி அகப்பட்டது.

இருக்கைப் பகுதியின் நீரை வெளியேற்றும் துளைகளையும் விடாதீர்கள். தள்ளுவண்டியின் கம்பிகளை அதே துளைகளில் சொருகி இழுத்தால் உட்சுவரில் மயிரிழை விரிசல் விழும். டார்ச் அடித்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள்.

சோப்புத் தண்ணீர்

படகின் உட்கூட்டில் தேங்கும் நீரை வடிக்கும், மூடி போட்ட வடிகால் துளையில் வேக்குவம் கிளீனரின் ஊதும் குழாயைத் துணி சுற்றித் தளர்வாக வைத்து, மிக மெல்ல ஊத விடுங்கள். கம்ப்ரசர் கூடாது, படகு உப்பி இணைப்புகள் விட்டுப் போகும். மூடிகளின் ஓரத்தை டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே வரும் குமிழியே உங்களைத் திசைதிருப்பும். பிறகு சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் தடவுங்கள். ஊசித்துளையில் பெரிய குமிழி வராது. பொடி நுரை ஒரே இடத்தில் மெதுவாகக் குவிந்துகொண்டே போகும். அதைப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

வெயில் செய்யும் வேலை

கரையில் காய்ந்த படகின் உள்காற்று 50 டிகிரி செல்சியசில் இருக்கிறது என்று வையுங்கள். 28 டிகிரி நீரில் இறக்கினால் அந்தக் காற்று சுமார் 7 சதவீதம் சுருங்கப் பார்க்கும். அந்த உறிஞ்சலில், மற்ற நேரம் சும்மா இருக்கும் துளையும் நீரை இழுக்கும். நிழலில் தேறிய படகு கடலில் ஒழுகுவதற்கு இதுவும் காரணமாகலாம். இறக்கும் முன் மூடியைத் திறந்து வைத்து, உள்காற்று ஆறிய பிறகு மூடச் சொல்லுங்கள்.

அடைக்கும்போது

பாலிஎத்திலீன் உடலில் சிலிக்கானும் ஃபைபர்கிளாஸ் ரெசினும் பிடித்து நிற்காது. விரிசலை அதே பிளாஸ்டிக் கம்பியால் வெல்டிங் செய்ய வேண்டும். வடிகால் மூடியின் ரப்பர் வளையத்தில் மணல் துகள் இருந்தால் துடைப்பதே போதும். ஒரு நேரத்தில் ஒரே இடத்தைச் சரிசெய்து, மறுபடி மிதக்கவிட்டுப் பாருங்கள்.

வேலை அட்டையில் செய்த சோதனைகள், கண்ட இடம், மறுசோதனை முடிவு மூன்றையும் எழுதுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதையும் எழுதி, வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அடுத்து அந்தப் படகைத் தொடும் சக தொழிலாளி, நீங்கள் விட்ட இடத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.