ரீமேப் செய்தால் மைலேஜ் கூடுமா?

கேள்வி: காய்கறி லோடு அடிக்கும் பொலீரோ பிக்கப் வைத்திருக்கிறேன். ரீமேப் செய்தால் இழுவையும் மைலேஜும் கூடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: ரீமேப் என்பது எஞ்சின் கணினியின் நிரலை மாற்றுவது. இழுவை கூடும், உண்மை. ஆனால் கூடுதல் டீசலும் டர்போ அழுத்தமும் கொடுத்துத்தான் அது வருகிறது. அதை முழுக்கப் பயன்படுத்தினால் மைலேஜ் எப்படி மிஞ்சும்? கிளட்சும் சீக்கிரம் தேயும். பிஎஸ்-6 வண்டியில் டி.பி.எஃப்பை, அதாவது புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியை, கழற்றச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அது மாசு விதிகளுக்கு விரோதம். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் சந்தையில் உங்களோடு நிற்கும் லோடுமேன்கள்.

ரீமேப்பை யோசிக்கும் முன், முதலில் இன்டர்கூலர் ஹோஸைப் பாருங்கள். சின்ன விரிசல் போதும், காற்று கசிந்து இழுவை குறையும், கரும்புகை வரும். ஏர் ஃபில்டர், டயர் காற்று, பிரேக் உரசல் அடுத்து. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்துக்குப் பதில் 60இல் ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு மட்டும் ஏறக்குறைய 44 சதவீதம் குறையும்.