தகவல் அலுவலரின் வேலை என்ன?

இடம்பெயர்ந்தவரின் கையிலுள்ள தாள்கள் குறைவு. அவரைப் பற்றி அலுவலகங்களில் உள்ள தாள்களோ அதிகம். 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வெளியேறிய எம்மக்கள் எத்தனை படிவங்களை நிரப்பினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்பத் தலைவர் உயிருடன் இருக்கிறாரா, எத்தனை ஏக்கர் வயல், எத்தனை மாடு. கேட்டதையெல்லாம் கொடுத்தோம், கையொப்பமும் இட்டோம். அந்தத் தாள்களுக்குப் பின்பு என்ன நடந்தது என்று கேட்க அன்று சட்டமெதுவும் எமக்குத் துணை நிற்கவில்லை.

இன்று உண்டு. 2015இல் 19ஆவது திருத்தம் தகவல் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு அரச நிறுவனமும் ஒரு தகவல் அலுவலரை நியமிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் வேறொரு பொறுப்பையும் சுமப்பவர். காரியாலயத்தில் அவருடைய மேசையை விசாரித்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இது பட்டணத்துப் படித்தவர்களுக்கு மட்டும் உரிய காரியம் என்று எண்ண வேண்டாம். இந்தியாவின் ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழவர், கூலியாளர் அமைப்பு, 1994 முதல் ஊர் நடுவே கூட்டம் கூட்டி அரச வேலைகளின் வரவேடுகளை உரத்து வாசித்தது. வேலையே செய்யாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது ஊரார் முன்னிலையில் வெளிவந்தது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்திட்டவற்றுள் அந்த வாசிப்பும் ஒன்று.

தகவல் அலுவலர் விண்ணப்பத்தை ஏற்று, உடனே எழுத்தில் பற்றுச்சான்று தரவேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டால் அதை எழுதிக்கொள்வதும் அவர் கடமை. "எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று காரணம் கேட்க முடியாது. தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். விண்ணப்பிப்பவரின் உயிர், சுதந்திரம் பற்றியதாயின் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் தரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடமும், அதன்பின் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

இந்த வேலையின் கடினமான பகுதி வேறு. வீட்டுத்திட்டப் பட்டியலில் உங்கள் பெயர் ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள். யாருக்கு வீடு, எந்த அளவுகோலின்படி, எத்தனை புள்ளி என்பவை பொதுப்பணம் சார்ந்த விடயங்கள். அவை வெளிவரவே வேண்டும். ஆனால் அதே கோவையில், பட்டியலிலுள்ள விதவையின் தொலைபேசி இலக்கமும் காணாமற்போன கணவரைப் பற்றிய வாக்குமூலமும் இருக்கும். பொது நலனோடு தொடர்பில்லாத தனிப்பட்ட விபரங்களை 5ஆம் பிரிவு காக்கிறது. அதற்காக முழுக்கோவையையும் மறுப்பது சரியல்ல. மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தருமாறு 6ஆம் பிரிவு சொல்கிறது. "தனிப்பட்ட விடயம்" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவைப்பவரும், பட்டியலை அப்படியே சுவரில் ஒட்டுபவரும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். எமது பிரதேசத்தில் ஒரு பெயர்ப்பட்டியல் தகாத கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்த இரண்டாவது கடமைக்காக, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவுப் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியையும் கொண்டுவந்தது. அச்சட்டம் கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு விடப்பட்டது.

காணி இழந்தோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 7ஆம் பிரிவை. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பழைய ஆவணங்களை அன்றிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகள் பேண வேண்டும் என்கிறது அது. அக்கணக்கு 2027 பெப்ரவரியுடன் நிறைவு பெறுகிறது. கேட்கப்பட்ட ஆவணத்தை வேண்டுமென்றே அழிப்பதோ மாற்றுவதோ குற்றம்; 50,000 ரூபாய் வரை தண்டமோ 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே அனுமதிப்பத்திரப் பதிவேடு, வயற்கண்டத்தின் பெயரேடு, மீள்குடியேற்றப் பட்டியல் ஆகியவற்றைக் காலந்தாழ்த்தாது எழுதிக் கேளுங்கள். திகதியிட்ட பற்றுச்சான்றைப் பெறாமல் திரும்ப வேண்டாம்.

குழுவில் கலந்துரையாட: உங்கள் காணி பற்றிய எந்த ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது? பயனாளிப் பட்டியலை அறிவித்தற்பலகையில் இடும்போது எந்த விபரம் இருக்கலாம், எது இருக்கக்கூடாது?