முப்பதாயிரம் தீவுகளுக்கு நடுவே: குழுவாகக் கயாக் ஓட்டிக் கூடாரம் போட

டொராண்டோவிலிருந்து 400-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டரை மணி நேரம் போனால் பாரி சவுண்ட் வரும். அங்கே ஹியூரான் ஏரியின் பெருங்கிளையான ஜார்ஜியன் விரிகுடாவின் கிழக்குக் கரை நெடுகத் தீவுகள்தான். உலகின் மிகப் பெரிய நன்னீர்த் தீவுக்கூட்டம் இது. 2004-இல் யுனெஸ்கோ இந்தக் கரையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தண்ணீரில் உப்பில்லை என்பதற்காக இதைக் குளம் மாதிரி நினைத்துவிடக் கூடாது. 1879 நவம்பரில் வாபுனோ என்ற நீராவிக் கப்பல் இங்கே மூழ்கியது, அதில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதன் அடிப்பாகம் கிடக்கும் ரெக் தீவுப் பகுதி இன்று மாசசாகா மாகாணப் பூங்காவைச் சேர்ந்தது. முதன்முறை குழுவாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பூங்காவைத்தான்.

முதல் வேலை இடம் பிடிப்பது. கூடாரத் தளங்களுக்கு நீர்வழியாக மட்டுமே போக முடியும், முன்பதிவும் கட்டாயம். ஐந்து மாதத்துக்கு முன்பே பதிவு திறந்துவிடும். ஜூலைக் கடைசி முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். மே மாதத்தில் வெயில் அடித்தாலும் தண்ணீர் ஆளை முடக்கும் குளிர்ச்சியில் இருக்கும்.

ஆறு பேர் போதும், எட்டைத் தாண்ட வேண்டாம். அனுபவமுள்ளவர் ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில். வேகத்தை நிர்ணயிப்பவர் குழுவிலேயே மெதுவாகத் துடுப்புப் போடுபவர். அவரை முன்னவருக்கு அடுத்தே விடுங்கள். பின்னால் விட்டால் தனியாகிவிடுவார். கூப்பிட்டால் காதில் விழும் தூரத்துக்குள் எல்லோரும் இருக்க வேண்டும். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். காற்றுக்காக ஒரு நாள் முழுவதையும் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டுமே என்று அலையில் இறங்குவதுதான் இங்கே மிக ஆபத்தான முடிவு.

கிளம்புமுன் ஒரு மாலை, கரையோரத்தில் ஒவ்வொருவரும் கவிழ்ந்து பழக வேண்டும். விழுந்தவர் தன் கயாக்கை விடக் கூடாது. உதவிக்கு வருபவர் அதன் மூக்குக்குக் குறுக்கே தன் கயாக்கை நிறுத்தி, கவிழ்ந்த வாக்கிலேயே மூக்கைத் தன் மடிப்பக்கம் இழுத்துத் தூக்கினால், உள்ளே புகுந்த தண்ணீர் கொட்டிவிடும். பிறகு நிமிர்த்தி, இரண்டையும் ஒட்டிப் பிடித்துக்கொள்வார். விழுந்தவர் பின்பக்கமாகக் குப்புற ஏறி, காலை உள்ளே விட்டுத் திரும்பி உட்காருவார். கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். குளிர்நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சைச் சீராக்கவே போய்விடும். அதன்பின் கைவிரல்கள் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான்.

முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறைகள் உள்ள, பதினாறடிக்குக் குறையாத கடல் கயாக்கையே வாடகைக்கு எடுங்கள். லைஃப் ஜாக்கெட் எப்போதும் உடம்பில் இருக்கட்டும். விசில், தண்ணீர் இறைக்கும் பம்பு, 15 மீட்டர் மிதக்கும் கயிறு ஆகியவை கனடாவின் சட்டப்படி தேவை. பெரிய பையாக ஒன்று கொண்டுவந்தால் அறைக்குள் நுழையாது. சின்னச் சின்ன நீர்புகாப் பைகளாகப் பிரித்து, கனமானதை இருக்கைக்கு அருகே அடியில் வையுங்கள். வறுத்த ரவை, அவல், பருப்புப்பொடி கெடாது, அடுப்பிலும் சீக்கிரம் முடியும். ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குத் தண்ணீரில், நண்பகலுக்குள் கரையில். காரணம், கோடையில் மேல்காற்று பெரும்பாலும் மதியத்துக்குமேல்தான் வலுக்கிறது. மேற்கே தீவுகள் முடிந்தால் திறந்த வெளி. அங்கிருந்து வரும் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். விஎச்எஃப் வானொலியில் வானிலை அறிவிப்பைக் கேட்டு, 15 நாட் என்றால் அன்று கூடாரத்திலேயே இருங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வழவழப்பான பாறைமுதுகுகள் உண்டு. அமைதியான இடத்தில் திடீரென ஓர் அலை மட்டும் வெள்ளையாக உடைந்தால் அங்கே பாறை இருக்கிறது என்று கொண்டு, விலகிச் சுற்றிப் போங்கள். கண்ணுக்கு எல்லாத் தீவும் ஒன்றுபோலவே தெரியும். நீர்வழி வரைபடமும் காம்பஸும் முன்னவர் ஒருவரிடம் மட்டும் இருந்தால் போதாது.

கரை ஏறியதும் கயாக்குகளை நீர்விளிம்பிலிருந்து நன்றாக மேலே தூக்கி மரத்தில் கட்டுங்கள். நெருப்பை ஏற்கெனவே உள்ள கல்வளையத்தில்தான் மூட்டலாம். வெறும் பாறைமேல் மூட்டினால் பாறை வெடித்து, வடு தலைமுறைக்கும் போகாது. கறுப்புக் கரடிகள் நீந்தித் தீவுக்கு வரும் என்பதால் கூடாரத்துக்குள் சாப்பாடு கூடாது. பூங்காவுக்குப் பெயர் தந்த மாசசாகா கிலுகிலுப்பைப் பாம்பு கூச்ச சுபாவம் கொண்டது, சட்டப் பாதுகாப்பு பெற்றது. விறகு பொறுக்கும்போது கை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். சத்தம் கேட்டால் நின்று, எங்கே என்று பார்த்து, பின்னால் நகர்ந்துவிடுங்கள்.

வழித்தடம், கயாக்குகளின் நிறம், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்திருப்பீர்கள். வண்டியில் சாமான் ஏற்றுமுன் அவரைக் கூப்பிட்டுத் திரும்பிவிட்டோம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களைத் தேடிப் படகுகள் கிளம்பிவிடும்.